ஹில்யாவுக்கு எழுதிய அடையாளங்கள்

என் தங்கை ஹில்யா பதினாறு வருடம் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் கொடியை எந்த நாளில் அறுப்பது? வருடத்துக்கு ஒரு கடிதம், கடிதத்தில் ஒரு கேள்வி. நானும் வருடத்துக்கு ஒரு பதில் எழுதினேன். அதில் எட்டு உண்மை. மற்ற எட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வருவதற்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

அவள் இருந்தது கடலுக்கு அந்தப் பக்கம், ஸ்வீடனின் கோட்லாந்து தீவில். நான் இந்தப் பக்கம், எஸ்தோனியாவின் சாரேமா தீவில், நாங்கள் இருவரும் பிறந்த அதே வீட்டில். நாற்பத்து நான்காம் வருடம் செப்டம்பரில், ரஷ்யப் படை திரும்பி வருகிறது என்று தெரிந்ததும் மீன்படகு ஏறிப் போனவர்களில் அவளும் ஒருத்தி. வயது பத்தொன்பது. என் கணவர் வில்லெம் அப்போது டைபாய்டு காய்ச்சலில் கிடந்தார், அம்மாவுக்கு இடுப்பு வலி, எழுந்து நிற்க முடியாது. ஆகவே நான் ஏறவில்லை. அம்மா படுத்த இடத்திலிருந்தே என்னை அனுப்பி, விரல் நீள ஹாப்ஸ் வேர் இரண்டைத் தோண்டி எடுத்து வரச் சொன்னாள். ஈரச் சாக்கில் சுற்றி ஹில்யாவின் உருளைக்கிழங்கு மூட்டைக்குள் திணிக்கச் சொன்னாள்.

"இந்தச் சனியன் எதுக்கும்மா? வசந்தத்துல திரும்பிடப் போறேன்."

"திரும்பினா கொண்டு வா. திரும்பலைன்னா நடு" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் ஒரு சேதியும் இல்லை. படகு மூழ்கியது என்றார்கள் சிலர். சேர்ந்தது என்றார்கள் சிலர். அம்மா ஐம்பதாம் வருடம் போய்ச் சேர்ந்தாள், எது உண்மை என்று தெரியாமலே. ஐம்பத்தாறில் ஒரு கடிதம் வந்தது. தபால்காரி செண்டா அதைக் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள், சூடான பாத்திரம் போல.

கடிதத்தில் என்ன பெரிதாக எழுத முடியும்? நாங்கள் படிப்பதற்கு முன்னால் வேறு யாரோ படிப்பார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உயிரோடிருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். கல்யாணம் ஆனது, ஆர்வெத் என்று பெயர், நம் நாட்டுத் தார்த்து நகரத்துப் பக்கத்து ஆள், நல்லவன், பீர் காய்ச்சத் தெரியாது. அம்மாவின் ஹாப்ஸ் வேர் பிடித்துக்கொண்டது. கொட்டகை உயரத்துக்கு ஏறி வருடாவருடம் பூக்கிறது. ஆனால் காய்ச்சினால் நம் வீட்டு பீர் வரவில்லை. கசப்பு இருக்கிறது, அந்தக் கசப்பு இல்லை. "அக்கா, அம்மா எப்பக் கொடியை அறுக்கச் சொல்லுவா? எனக்குத் தெரியவே தெரியாதே." அவ்வளவுதான் கடிதம்.

அவளுக்குத் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. எங்கள் வீட்டில் காய்ச்சுவது ஆண்கள், அறுக்கும் நாளைச் சொல்வது அம்மா. கொடி அறுபட்டுக் களத்துக்கு வந்த பிறகுதான் ஹில்யா வருவாள், கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, பூ ஆய்வதைவிட அதிகமாக ஊர்வம்பு ஆய்வாள்.

நாளைக் கண்டுபிடிக்க அம்மாவுக்குப் பல அடையாளங்கள் உண்டு. ஆனால் கடைசியாக அவள் நம்புவது ஒன்றைத்தான். பனி காய்ந்ததும் நாலைந்து பூவைப் பறித்து இரண்டு உள்ளங்கையிலும் வைத்துத் தேய்ப்பாள். அப்படியே போய் மத்தியானக் கறவையை முடிப்பாள். பிறகு கிணற்றுத் தண்ணீரில் கையைக் கழுவி முகர்வாள். மாடு மணத்தால் இன்னும் நாள் இருக்கிறது. மாட்டையும் தண்ணீரையும் தாண்டி ஹாப்ஸ் மணத்தால், "அரிவாளை எடு" என்பாள். நானும் கூடவே கறந்ததால் எனக்கு அது தெரியும். ஹில்யாவை ஐந்து வயதில் ஒரு மாடு உதைத்திருந்தது. தொழுவம் பக்கமே வரமாட்டாள்.

இதை அப்படியே எழுதிப் போட்டிருக்கலாம். ஒரு காகிதத்தில் பாதிகூட ஆகாது. எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒரு பயம் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அடுத்த வருடம் இவள் எதற்கு எழுதுவாள்? பன்னிரண்டு வருடம் ஊமையாக இருந்த கடல் அது. மறுபடியும் ஊமையாகிவிட்டால்? நிறத்தை மட்டும் எழுதினேன். கரும்பச்சை மாறி, வெளிர்ந்து, பூவின் நுனியில் பழுப்பு லேசாகத் தொட வேண்டும் என்று. மறக்காமல் கடைசியில் சேர்த்தேன்: இன்னும் சிலது இருக்கிறது, இந்த வருடம் எப்படி வந்தது என்று எழுது.

எழுதினாள். அடுத்த வருடம் தொட்டுப் பார்ப்பதைச் சொன்னேன். அழுத்தினால் ஈரத்துணி மாதிரி அமுங்கிக் கிடந்தால் இளசு, காகிதம் மாதிரி சரசரத்து விட்டதும் நிமிர்ந்தால் சரி. அதற்கடுத்து உள்ளே இருக்கும் பொடி. வெளிறிய மஞ்சள் போதாது, நாட்டுக்கோழி முட்டைக்கரு மாதிரி இருக்க வேண்டும், சிவப்பு ஓடினால் தாமதம். பிறகு வாசனை: புல் வாசனை போய்ப் பிசின் வாசனை வரவேண்டும், பூண்டு வாசனை வந்தால் முடிந்தது கதை. பிறகு பனி காய்ந்த நேரம், விதையின் கறுப்பு, அடியிலை பழுத்தல், காதருகே உருட்டினால் கேட்கும் ஒலி. இப்படி எட்டு வருடம் ஓட்டினேன். வருடாவருடம் அவள் பீர் ஒரு படி மேலே வந்தது. அறுபத்து நான்கில் எழுதினாள்: "அக்கா, கிட்டத்தட்ட வந்தாச்சு. ஒரு விரக்கடைதான் பாக்கி. அந்த ஒரு விரக்கடை என்னன்னு மட்டும் சொல்லு."

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொழுவத்தில் உட்கார்ந்திருந்தேன். கூட்டுப்பண்ணைக்குக் கொடுத்தது போக வீட்டுக்கு விட்டிருந்த ஒரே மாடு, புனிக், என் தோளை நக்கியது. மிச்சம் இருந்தது அதனுடைய அடையாளம் ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டால் என் கை காலி.

சிலந்தியைப் பற்றி எழுதினேன். கொடியின் உச்சியில் சிலந்தி வலை கட்டி, அந்த வலையில் பனித்துளி நின்றால்தான் அறுக்க வேண்டும் என்று. அம்மா அப்படிச் சொன்னதே இல்லை. நானே கட்டிய வலை அது. அடுத்த வருடம், தகைவிலான் குருவிகள் கம்பியை விட்டுப் போன பிறகு. அதற்கடுத்து, முதல் உறைபனி விழுந்து ஒன்பதாம் நாள். பொய்க்குக் காலே இல்லை என்பார்கள், என் பொய்கள் கடல் தாண்டின.

அவள் ஒன்று விடாமல் செய்தாள். குருவி போகக் காத்திருந்தாள், பனிக்கு நாள் எண்ணினாள். கொடியில் பூ பழுத்து, பூண்டு வாசனை ஏறி, பீர் கெட்டது. "இந்த வருஷமும் சரியா வரலே. நான்தான் எதையோ தப்பாப் பண்றேன்" என்று எழுதினாள். அப்படி ஏழு கடிதம். இங்கத்துத் தண்ணி காரணமோ என்று ஒரு தடவை கேட்டிருந்தாள். இருக்கலாம் என்று எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கு கசக்கிறது.

வில்லெமுக்கு இதெல்லாம் தெரியும். "பாவம்டி அந்தப் பொண்ணு" என்பார்.

எழுபத்திரண்டு ஆகஸ்டில் தந்தி வந்தது. ஹெல்சிங்கி வழியாகக் கப்பலில், ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு தாலினுக்கு வருகிறாள். மூன்று நாள். எங்கள் தீவு எல்லைக் காவல் பகுதி, வெளியிலிருந்து வருகிறவள் இங்கே கால் வைக்க முடியாது, பிறந்த வீடாக இருந்தாலும். நான்தான் தலைநகரத்துக்குப் போக வேண்டும்.

போன வருடத்து ஹாப்ஸ் கொஞ்சம் மீதி இருந்தது. வில்லெம் உடனே காய்ச்சினார். ஜூனிப்பர் கிளைகளைத் தொட்டியின் அடியில் பரப்பி, முளைகட்டிய பார்லியை வெந்நீரோடு ஊற்றி வடிகட்டி, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்து, புளிக்க வைத்து ஐந்து லிட்டர் பால் கேனில் ஊற்றிக் கொடுத்தார். கறுப்பு ரொட்டி, புகையில் வாட்டிய தட்டை மீன். கூடவே ஒரு முழம் ஹாப்ஸ் கொடி, பூவோடு, அடியை ஈரப்பாசியில் சுற்றி. இன்னும் ஒரு வாரமாவது கொடியில் நிற்க வேண்டிய பூ. இருந்தாலும் கண்ணால் காட்டி, கையால் தொடவைத்துச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை பஸ்ஸில் முடிவு செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

பஸ், படகு, மறுபடியும் பஸ். கேனை மடியில் வைத்திருந்தேன். குலுக்கலில் பீர் பொங்கி மூடியைத் தட்டிக்கொண்டே வந்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, என்ன அக்கா, பால் அவசரமா இறங்கணுமாம்ல என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இறங்கும்வரை நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை.

ஓட்டல் வாசலில் இருபது முப்பது பேர் நின்றார்கள். ஒரே மாதிரி வெளிர்நிறக் கோட்டு. யார் அவள் என்று தெரியவில்லை. இருபத்தெட்டு வருடம். குட்டை முடி வைத்த ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடந்து வந்தாள். நாடகத்தில் வருகிற மாதிரி ஓடி வரவில்லை, வழி கேட்க வருகிறவள் போல வந்தாள்.

"உன் பின்னல் எங்கடி?" என்றேன். முதல் வார்த்தை அதுதான் வந்தது.

"அது போயி இருபது வருஷம். நீ ஏன்க்கா இவ்ளோ குள்ளமாயிட்டே?"

"நான் குள்ளமாகலே. உன் செருப்பைக் கழட்டு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறவில்லை. கேன் சாயாமல் இருக்க, ஒரு கையால்தான் என்னால் அவளைப் பிடித்துக்கொள்ள முடிந்தது.

முதல் நாள் பேசியதெல்லாம் இறந்தவர்களைப் பற்றி. யார், எப்போது, எப்படி. அம்மாவைப் பற்றி மட்டும் நான்கு முறை கேட்டாள், நான்கு முறையும் ஒரே பதிலைச் சொன்னேன். கடைசிவரை உன் படகு சேர்ந்ததாகத்தான் அம்மா பேசினாள் என்று. அது உண்மை. வெளிநாட்டுக்காரர்களின் அறைக்குள் எங்களைப் போன்றவர்கள் போகக்கூடாது. ஆகவே தெருவில் நடந்தோம், உட்கார்ந்தோம், மறுபடி நடந்தோம். ஆறு மணிக்கு அவர்களுடைய வழிகாட்டிப் பெண் எண்ணிக்கை எடுப்பாள், அதற்குள் அவள் போய் நிற்க வேண்டும்.

இரண்டாம் நாள் பூங்காவில், குளத்தைப் பார்த்த பெஞ்சில், கேனைத் திறந்தேன். அவளுக்கு மரக்கோப்பையில் ஊற்றினேன். உடனே குடிக்கவில்லை. மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் குடித்தாள். அதை விழுங்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

"இதுதான்" என்றாள். இன்னொரு வாய் குடித்துவிட்டு மறுபடியும், "இதுதான்க்கா."

பிறகு இரண்டு கோப்பை மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். ஆர்வெத் தன்னைக் கேலி செய்வதைப் பற்றிச் சொன்னாள். உங்க தீவுக்காரங்க சிலந்திகிட்ட சம்மதம் வாங்கித்தான் பீர் குடிப்பாங்களா என்பானாம். கெட்டுப்போன பீரை அவன் கொட்டகைக்குப் பின்னால் ஊற்றப் போன ஒரு வருடம், கேனைப் பிடுங்கிக்கொண்டு மூன்று நாள் அவனோடு பேசவில்லையாம். அக்கா எழுதியிருக்கா, அக்காவுக்குத் தெரியும், எங்கேயோ நான் நாள் தப்பா எண்ணிட்டேன் என்று அவனிடம் சண்டை போட்டாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் பேச்சை மாற்ற மூட்டையிலிருந்து ஹாப்ஸ் கொடியை எடுத்தேன். பாசி ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் பூவெல்லாம் வழியிலேயே உலர்ந்துவிட்டது. ஹில்யா ஒன்றைப் பிடித்து அழுத்தினாள். காகிதமாகச் சரசரத்தது. விட்டதும் நிமிர்ந்தது.

"அப்ப இது முத்தினது. இல்லையா?"

"இல்லடி. இது இளசு. அறுத்ததால காஞ்சிருக்கு. காஞ்சதும் முத்தினதும் கைக்கு ஒண்ணாத்தான் இருக்கும். அறுத்த பூ பொய் சொல்லும்."

"அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கறது? நீ சொன்ன அத்தனையும் பண்ணிட்டேன். பதினாறு அடையாளம். ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்." கைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தாள். அட்டையில் எண்ணெய்க் கறை. வருடத்துக்கு ஒரு பக்கம். என் வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே தான் செய்ததை எழுதியிருந்தாள். சிலந்தி வந்த தேதிகூட இருந்தது. "இதுல எதை நான் தப்பாப் பண்ணேன்? நீயே பாத்துச் சொல்லு."

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அறுபத்து நான்காம் பக்கம் வந்ததும் என்னால் அடுத்ததைத் திருப்ப முடியவில்லை.

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணலே. இதுலேருந்து கடைசி வரைக்கும் நானாக் கட்டி எழுதினது."

அவளுக்குப் புரியவில்லை. எதை என்றாள்.

"சிலந்தி. குருவி. ஒன்பது நாள். எல்லாத்தையும்தான். அம்மா அதெல்லாம் சொன்னதே கிடையாது. உண்மையானது இன்னும் ஒண்ணு இருக்கு, அதை நான் எழுதவே இல்லை."

"ஏன்?"

"எழுதிட்டா நீ கேக்க மாட்டே. கேக்கலைன்னா எழுத மாட்டே."

அவள் என் கையிலிருந்து நோட்டை வாங்கிக் கைப்பையில் வைத்தாள். கேனின் மூடியை எடுத்துத் திருகி மூடினாள், சரியாகப் பொருந்துகிறதா என்று இரண்டு முறை பார்த்தாள். எழுந்து குளக்கரைவரை போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் என்னிடமும் சொல்ல நிறைய இருந்தது. பன்னிரண்டு வருடம் நீ செத்துவிட்டாய் என்று நினைத்து நான் ஹாப்ஸ் ஆய்ந்ததைச் சொல்லியிருப்பேன்.

திரும்பி வந்து, எட்டு வருஷம் என்றாள். அவ்வளவுதான். மணி நாலரைகூட ஆகவில்லை. எண்ணிக்கைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனாள். மிச்சம் இருந்த அடையாளம் என்னவென்று அவள் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர்களுடைய பஸ் துறைமுகத்துக்குப் போகிறது. நான் ஏழு மணியிலிருந்து ஓட்டல் எதிரே நின்றேன். அவள் வருவாளா, வந்தாலும் என் பக்கம் பார்ப்பாளா என்று தெரியாது. பார்க்காவிட்டால் என்ன செய்வது? கத்திச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன், தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, மாட்டைப் பற்றி.

ஒன்பதே முக்காலுக்குப் பெட்டியோடு வெளியே வந்தாள். பெட்டியை பஸ்ஸில் ஏற்றக் கொடுத்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தாள். தூங்காத முகம்.

"சொல்லு" என்றாள்.

சொன்னேன். பூவைத் தேய்ப்பது, கறவை, கிணற்றுத் தண்ணீர். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தையா பதினாறு வருடம் முடிந்து வைத்திருந்தேன் என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

அவள் என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மாட்டுக்கு நான் எங்க போவேன்? பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட, உன் மாட்டைக் கொஞ்சம் மோந்து பாத்துட்டுத் தரேன்னு கேக்கவா?"

"உன் கை தினமும் எதுல கிடக்கு?"

"மீன்ல. மீன் ஆலைல குடல் எடுக்கறேன். வீட்டுக்கு வந்து மூணு தடவை சோப்புப் போட்டாலும் வாடை போகாது."

"அப்ப அதுதான் உன் மாடு. காலைல தேய்ச்சுட்டு வேலைக்குப் போ. சாயங்காலம் கையைக் கழுவி மோந்து பாரு. மீனை ஜெயிக்கிற அன்னிக்கு அறு."

வழிகாட்டிப் பெண் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஹில்யா அசையவில்லை.

"இனிமே கேக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லைல்ல?"

"இல்லை" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். கேனில் இருந்த மிச்ச பீரைக் கொண்டு போகிறாயா என்று கேட்டேன். கப்பலில் விடமாட்டார்கள் என்றாள். என் தலைத்துணி முடிச்சை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டாள், சின்னப் பிள்ளைக்குக் கட்டுவதுபோல. பிறகு போய் பஸ்ஸில் ஏறினாள். கண்ணாடிக்குப் பின்னால் எந்த முகம் அவளுடையது என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. எல்லா முகத்தையும் பார்த்துக் கையசைத்தேன்.

ஊர் திரும்பி ஐந்தாம் நாள் எங்கள் வீட்டில் ஹாப்ஸ் அறுத்தோம். நான்தான் நாள் சொன்னேன். புனிக்கைக் கறந்துவிட்டுக் கையை முகர்ந்தபோது பிசின் வாசனை தூக்கி அடித்தது. அந்த வருடம் பூ நன்றாக வந்திருந்தது. களத்தில் உட்கார்ந்து ஆயும்போது, அங்கே அவளும் இன்று கையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாளோ என்று நினைத்தேன். மீன் ஜெயித்ததா, கொடி ஜெயித்ததா? இல்லை, கோபத்தில் கொடியை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டாளா?

அவள் கடிதம் எப்போதும் செப்டம்பர் கடைசியில் வரும். வரவில்லை. அக்டோபரும் போயிற்று. செண்டா எங்கள் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிப்பதைக் கவனித்தேன். ஒருநாள் வழிமறித்துக் கேட்டே விட்டேன். "உன் தங்கச்சி எழுதினா நான் என்ன, அதை வச்சு அடுப்பா எரிக்கப் போறேன்?" என்றாள். பிறகு மனசு கேட்காமல், தபால் இப்போதெல்லாம் தாமதம்தான் என்று ஒரு பொய்யும் சொன்னாள். நல்ல பொய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது நல்லதில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. வில்லெமின் பீர் அந்த வருடம் பேர் வாங்கியது. அக்கம்பக்கத்தார் வந்து குடித்துப் பாட்டுப் பாடிவிட்டுப் போனார்கள். நான் ஒரு கோப்பைக்கு மேல் தொடவில்லை.

ஜனவரி இருபதுக்கு மேல், பனி ஜன்னல் பாதிவரை ஏறியிருந்த ஒரு மத்தியானம், செண்டா வாசலில் சைக்கிள் இல்லாமல் நடந்தே வந்து நின்றாள். உறை கனமாக இருந்தது.

"அக்கா," என்று ஆரம்பித்திருந்தாள். "காலைல தேய்ச்சுட்டுப் போவேன். செப்டம்பர் ஆறு வரைக்கும் மீன்தான் ஜெயிச்சுது. என் பக்கத்துல குடல் எடுக்கறவ, நீ ஏன் கையைக் கையை மோந்துக்கறே, மீன் வாடை உனக்குப் போதலையான்னு கேட்டா. ஏழாந்தேதி மூணு தடவை சோப்புப் போட்டேன். மீன் போச்சு, சோப்பும் போச்சு, அது போகலை. அன்னிக்கே அறுத்தேன். கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சினேன்.

"வந்துடுச்சுக்கா. அந்த ஒரு விரக்கடையும் வந்துடுச்சு. ஆர்வெத் மூணு கோப்பை குடிச்சுட்டு நல்லாருக்குன்னான். அவனுக்கு என்ன தெரியும்? கெட்டுப் போனதையே போன வருஷம் பரவாயில்லைன்னவன்தானே. அது அதுதான்னு சொல்ல இந்தக் கரையில ஒரு ஆள் இல்லை. நான் குடிச்சுட்டு, எதிர்ல இருக்கற சுவரைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். சரியா வராத வரைக்கும் வந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப்பேன். வந்தப்புறம் அதையும் நெனைக்க முடியலே.

"உன்மேல கோபமாத்தான் இருந்தேன். கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்கு எழுதணும்னு இருந்தேன். மூணு மாசம் இருந்து பாத்துட்டேன்."

அதற்குப் பிறகு ஆறு பக்கம். கொட்டகைக் கூரை ஒழுகுவது, மீன் ஆலையில் புதிதாக வந்த மேற்பார்வையாளன், மூட்டு வலி, பக்கத்து வீட்டுப் பூனை போட்ட குட்டிகள், அவள் சுட்ட ரொட்டி அடிப்பிடித்தது. ஒரு கேள்விகூட இல்லை. நான் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. இத்தனை வருடம் அவள் கேட்டதற்குச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஒன்றும் கேட்காதவளுக்கு என்ன எழுதுவது? வில்லெம் அடுப்பருகே வலை முடைந்துகொண்டிருந்தார். கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

முதல் வரியாக எழுதினேன்: நீ குடித்தது அதுதான். அம்மாவுடையதுதான். நான் சொல்கிறேன்.

அதையும் வாசித்தேன். வில்லெம் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"குடிச்சுப் பாக்காம எப்படிச் சொல்றே? இதுவும் சிலந்தி மாதிரிதானா?"

"ஒரு வாய் குடிக்க நான் எங்க போறது, சொல்லுங்க. கடலை நீந்தியா?"

அவர் வலையில் அடுத்த முடிச்சைப் போட்டார். நான் அந்த வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழே, புனிக் சினையாக இருப்பதையும், தொழுவத்துக் கதவு பனியில் இறுகித் திறக்காமல் நாங்கள் ஜன்னல் வழியாக ஏறிக் கறந்ததையும் எழுத ஆரம்பித்தேன்.